உங்க இணையதளம் யார் பேரில் இருக்கு?

(தேனியில் சிறுதொழில் தொடங்கும் இளைஞர்கள், மகளிர் குழுவினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செய்தித் துறையில் உள்ளடக்கம் எழுதும் வேலை பார்க்கிறேன். படித்தது இதழியல். கம்ப்யூட்டர் இன்ஜினீயர் கிடையாது. அப்புறம் ஏன் இணையதளம் பற்றிப் பேச வந்தேன் என்று உங்களுக்குத் தோணலாம். எங்க வீட்டில் ஒரு தடவை சூடு பட்டிருக்கோம். அதனாலதான்.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிடுறேன். கம்பம் பக்கம் எங்க பெரியப்பா வீட்டுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அண்ணனுக்கு ஒரு உற்சாகம். வியாபாரி சொல்ற விலைக்கே கொடுத்துட்டு நிற்கணுமா, மதுரை, கோயம்புத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நாமே நேரா அனுப்பலாமே என்று நினைத்தார். தெரிந்த பையன் ஒருத்தர் இணையதளம் செய்து கொடுத்தார். மொத்தமாக ஒரு தொகை, பெயர், இடம், வடிவமைப்பு எல்லாம் சேர்த்து. தளமும் நல்லாத்தான் இருந்தது. அண்ணன் 2,000 அட்டைப்பெட்டி அச்சடித்தார். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த இணைய முகவரி, பக்கத்திலேயே கியூஆர் கோடு.

ஒரு வருஷம் கழித்து தளம் காணாமல் போச்சு. அந்தப் பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போயிட்டார், போன் நம்பரும் மாறிடுச்சு. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் அவர் பழைய மெயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. காரணம், பெயரைப் பதிவு செய்ததே அவர் பேரில், அவர் மெயிலில். யாரும் பணம் கட்டலை. கெடு முடிந்து பெயர் பொதுவுக்கு வந்ததும் வேற யாரோ அதை வாங்கிட்டாங்க. கொஞ்ச நாளில் மதுரையில் இருந்து ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, பழப் பெட்டியில இருக்கறதை எம் பையன் ஸ்கேன் பண்ணினான், சூதாட்ட விளம்பரம் வருதுப்பா" என்றார்.

அண்ணன் முகத்தைப் பார்க்க முடியலை. மிச்சம் இருந்த பெட்டிகளில் மதினியும் சித்தியும் உட்கார்ந்து ராத்திரி எல்லாம் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினாங்க. அந்தப் பையன் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதையும் சொல்லணும். அவர் செய்த வேலை சுத்தம்தான். யாரும் கேட்காத ஒரு கேள்வியால் வந்த வினை இது: பெயர் யார் பேரில் இருக்கு?

இன்றைக்கு நான் சொல்லப்போறது அந்தக் கேள்வியும், அதோடு சேர்ந்த இன்னும் சில கேள்விகளும்தான்.

பெயர் வேறு, இடம் வேறு

இணையதளத்துக்கு இரண்டு பொருள் வேணும். ஒன்று பெயர். அதை டொமைன் என்கிறோம். இன்னொன்று, உங்க படம், எழுத்து, விலைப்பட்டியல் எல்லாம் இருக்கிற இடம். அது எங்கோ இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர். அந்த இடத்தை வாடகைக்கு எடுப்பதுதான் ஹோஸ்டிங்.

தேனி பஜாரில் கடை போடுறதா வைத்துக்கொள்ளுங்க. டொமைன் என்பது உங்க பெயர்ப்பலகை, ஹோஸ்டிங் என்பது வாடகைக்கு எடுத்த கடை. வாடகை கட்டுப்படியாகலைன்னா பலகையைக் கழற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிடலாம், வாடிக்கையாளர் தேடி வருவார். பலகையே அடுத்தவருடையதா இருந்தா? நீங்க வெறுங்கையோடதான் வெளியே வரணும்.

அதனால் முதல் விதி. டொமைனை உங்க பேரில், உங்க மெயிலில், உங்க போன் நம்பரில் பதிவு செய்யுங்க. தளம் செய்து தருபவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமா இருந்தாலும் சரி. பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்காருங்க, ஓ.டி.பி. உங்க போனுக்கு வரட்டும், கடவுச்சொல்லை நீங்களே போடுங்க. குழுவாகத் தொழில் செய்பவர்கள் குழுவுக்கென்று தனி மெயில் தொடங்கி, இரண்டு பேர் கையில் அதை வைத்துக்கொள்ளுங்க. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வைங்க. முடிகிற தேதியை வீட்டுக் காலண்டரிலும் குறித்து வைங்க. தானாகப் பணம் எடுக்கும் கார்டு காலாவதியாகி விட்டால் அதுவும் நின்றுபோகும்.

டாட் இன் என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்கிற இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம். 2003-ல் தொடங்கப்பட்டது. 2005-ல் இருந்து பொதுமக்கள் யாரும் அந்தப் பெயர்களை வாங்கலாம். தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயரும் உண்டு. ஒரு பெயர் எந்த நிறுவனம் வழியாகப் பதிவாகி இருக்கு, எப்போது முடியுது என்பதைப் பதிவேட்டின் தேடல் பக்கத்தில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு ராத்திரியே பார்த்துவிடுங்க.

எந்த இடம் நமக்கு?

ஹோஸ்டிங்கில் பல வகை சொல்வாங்க. ஷேர்டு, வி.பி.எஸ்., டெடிகேட்டட், கிளவுட். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெரியாற்றுத் தண்ணீரில் பாசனம் செய்யும் நமக்கு இது சுலபமாகப் புரியும்.

ஷேர்டு என்பது பொது வாய்க்கால். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள். வாடகை குறைவு. ஆனால் தலைமடையில் ஒருத்தர் நிறைய இழுத்துட்டா கடைமடைக்குத் தண்ணீர் வராது. அதே மாதிரி பக்கத்துத் தளத்தில் திடீர்க் கூட்டம் வந்தா உங்க தளமும் மெதுவாகும். வி.பி.எஸ். என்பது அதே வாய்க்காலில் உங்களுக்கென்று அளவு வைத்த மடை. உங்க பங்கு உங்களுக்கு நிச்சயம், ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேணும். டெடிகேட்டட் என்பது உங்க சொந்த போர்வெல். முழுக்க உங்களுக்கே, செலவும் முழுக்க உங்களுக்கே. கிளவுட் என்பது மீட்டர் வைத்த மோட்டார். தேவைக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம், ஓடின அளவுக்குக் காசு. அணைக்க மறந்தா பில் எகிறும்.

இப்போ உங்களில் யாருக்கு எது?

ஆண்டிபட்டிப் பக்கம் கைத்தறிச் சேலை நெய்பவர், பெரியகுளத்தில் மாம்பழம் விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து பக்கம், கொஞ்சம் படம், ஒரு போன் நம்பர் போதும் என்றால் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் தாராளம். அதற்கு மேல் விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிடுங்க.

மேகமலை, சுருளி, குமுளி ரோட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்குக் கணக்கு வேறு. 2023 ஜூன் 15 முதல் போடி வரை ரயில் வருது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் நம்ம பள்ளத்தாக்கு வழியாகத்தான் குமுளி ஏறுறாங்க. பத்து மாசம் சும்மா இருக்கும் தளத்துக்கு இரண்டு மாசம் கூட்டம். அப்போ நீங்க கேட்க வேண்டியது, "இரண்டு மாசத்துக்கு மட்டும் பெரிய திட்டத்துக்கு மாறி, அப்புறம் பழையபடி இறங்க முடியுமா?" என்பதுதான். ஏற எல்லோரும் விடுவாங்க. இறங்க விடுறாங்களா என்று பாருங்க.

தளத்திலேயே பணம் வாங்கி விற்கப் போறவங்க, கார்டு விவரங்களை உங்க தளத்தில் சேமிக்கவே கூடாது. அதை அங்கீகாரம் பெற்ற பேமென்ட் கேட்வேயிடம் விட்டுடுங்க. வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் நம்பர் உங்க கையில் இருந்தாலே அதைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. அதற்காகத்தான் 2023-ல் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்றேன். உங்களில் சிலருக்கு இப்போதைக்கு இணையதளமே தேவைப்படாது. தெருவில் நாலு பேருக்கு இட்லி மாவு கொடுப்பவருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கும், கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் போதும். இரண்டுமே இலவசம். வெளியூர் ஆள் உங்களைத் தேட ஆரம்பிக்கும்போது தளம் பற்றி யோசிக்கலாம்.

நம்ம போடி சொல்லும் பாடம்

கிளவுட் எல்லாம் பெங்களூர் கம்பெனிக்காரங்க விஷயம் என்று நினைக்காதீங்க. நம்ம போடிநாயக்கனூரில் தினமும் நடக்கிற விஷயம் அது.

நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்குது. முன்னாடி ஏலம் எங்கே நடக்குதோ அங்கே வியாபாரி போய் உட்காரணும். ஒரு நாள் இங்கே, மறுநாள் மலை ஏறி அங்கே. கொரோனா காலத்தில் மாநில எல்லை தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது. 2021 ஜனவரியில் இரண்டு மையங்களையும் கிளவுட் வழியாக இணைத்தாங்க. புத்தடியில் ஏலம் நடக்கும்போதே போடியில் உட்கார்ந்து விலை கேட்கலாம், அங்கே இருப்பவர் இங்கே கேட்கலாம்.

இதில் நமக்கு என்ன பாடம்? அவங்க முதலில் தங்களுக்கு என்ன வேணும் என்று தெரிந்துகொண்டாங்க. விலை கேட்கும் அந்தச் சில நொடி இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடக்கணும், நடுவில் அறுந்துபோகக் கூடாது. அதுதான் தேவை. தேவை தெளிவா இருந்தா எந்த வகை இடம் என்பது தானாகத் தெரிந்துவிடும். நாம பல பேர் தலைகீழாகப் பண்றோம். விளம்பரத்தில் எது மலிவோ அதை வாங்கிட்டு, அப்புறம் இதில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம்.

முதல் வருஷ விலையை நம்பாதீங்க

ஒரு கணக்குப் போடுவோம். இது எந்த நிறுவனத்தின் விலையும் இல்லை, புரிவதற்காக மட்டும். விளம்பரத்தில் 'மாதம் 99 ரூபாய்' என்று இருக்கு. உள்ளே போனால் அந்த விலைக்கு மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டணும். 36 மாதம், 3,564 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 4,205 ரூபாய். சரி, பரவாயில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போது மாதம் 349 என்று இருந்தால்? 36 மாதத்துக்கு 12,564, வரியோடு சுமார் 14,825 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். அதுவும் சின்ன எழுத்தில் எங்கோ போட்டிருப்பாங்க.

அதனால் கேட்க வேண்டியது 'என்ன விலை' இல்லை, 'புதுப்பிக்கும்போது என்ன விலை'. இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு ஐந்து வருஷக் கணக்குப் போட்டுப் பாருங்க. 'இலவச டொமைன்' என்றால் அது எத்தனை வருஷத்துக்கு, யார் பேரில் என்று கேளுங்க. 'அன்லிமிடெட்' என்ற வார்த்தையைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்க. அளவில்லாத சர்வர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. நியாயமான பயன்பாடு என்ற பெயரில், இத்தனை கோப்புக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு விதிமுறைகளில் இருக்கும்.

எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்கு, அதாவது தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்பைத் தரும் அந்த வசதிக்கு, தனியாகப் பெரிய தொகை கேட்டால் யோசியுங்க. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாகத் தருது. சின்னத் தளங்களுக்கு அதுவே போதும். பல நிறுவனங்கள் அதைத் திட்டத்தோடு சேர்த்தே கொடுக்குறாங்க.

எத்தனை நிமிஷம் நிற்கும்?

எல்லா நிறுவனமும் '99.9 சதவீதம் தளம் ஓடும்' என்று சொல்லும். கேட்க நல்லா இருக்கு. ஒரு மாதத்துக்கு 43,200 நிமிஷம். 99.9 என்றால் மாதத்தில் 43 நிமிஷம் நிற்கலாம் என்று அர்த்தம். வெறும் 99 சதவீதம் என்றால் மாதத்தில் 7 மணி 12 நிமிஷம். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு ஒன்பதுக்கு இவ்வளவு வித்தியாசம். அதைவிட முக்கியம், சொன்னதைவிட அதிக நேரம் நின்றால் என்ன தருவாங்க என்பது. வாடகையில் கழிப்பாங்களா, மன்னிப்பு மட்டும் கேட்பாங்களா?

சர்வர் எந்த ஊரில் இருக்கு என்றும் கேளுங்க. உங்க வாடிக்கையாளர் மதுரையிலும் கொச்சியிலும் இருக்கும்போது சர்வர் அமெரிக்காவில் இருந்தால், ஒவ்வொரு தட்டலுக்கும் தகவல் கடல் தாண்டிப் போய்த் திரும்பணும். இந்தியாவில் மும்பை, சென்னை, ஹைதராபாத் ஆகிய ஊர்களில் பெரிய தரவு மையங்கள் இருக்கு. மலைப் பகுதியில் சிக்னல் ஏற்கெனவே தடுமாறும். அங்கே இருந்து உங்க தளத்தைத் திறப்பவருக்குப் பக்கத்து சர்வர் ஒரு பெரிய உதவி.

தீப்பிடித்தால் என்ன மிஞ்சும்?

2021 மார்ச் 10-ம் தேதி, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுசாக அழிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் ஒரே ராத்திரியில் நின்றுபோயின. பேக்கப் இருக்கு என்று நம்பிய சிலருக்கு, அந்த பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அது தனியார் நிறுவனம், அரசு என்றால் இப்படி ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் டேஜியான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஒரு கிளவுட் தொகுப்புக்கு வேறு இடத்தில் நகலே இல்லை. அது போனது போனதுதான். அரசுத் துறையில் வேலை பார்க்கிற என்னை அந்தச் செய்தி ரொம்பவே உலுக்கியது.

விதைநெல்லை ஒரே குதிரில் வைக்க மாட்டோம் இல்லையா? அதே பழக்கம்தான். பேக்கப் எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடுக்குறாங்க, எங்கே வைக்குறாங்க, திருப்பிப் போட்டுத் தர காசு கேட்பாங்களா என்று முதலிலேயே கேளுங்க. அவங்க என்ன பதில் சொன்னாலும், மாதத்துக்கு ஒரு நகலை உங்க பென்டிரைவில் நீங்களே எடுத்து வைங்க. ஒரு தடவையாவது அதைத் திறந்து பாருங்க. திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

வாங்கும் முன் ஒரு சோதனை

பணம் கட்டும் முன்னால் ஒரு வேலை செய்யுங்க. ராத்திரி பத்து மணிக்கு அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கோ சாட்டுக்கோ ஒரு கேள்வி அனுப்புங்க. "நாளைக்கு நான் வேறு நிறுவனத்துக்கு மாறணும்னா டொமைனை மாற்றும் குறியீட்டை எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேளுங்க. நேராகப் பதில் சொன்னால் அது நல்ல இடம். மழுப்பினால், நீங்க கஷ்டத்தில் இருக்கும்போதும் மழுப்புவாங்க. வெளியே போகும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழையணும்.

பெயர், முகவரி, அடையாள விவரம் கேட்டால் பயப்பட வேண்டாம். 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட் இன் பிறப்பித்த உத்தரவுப்படி, தரவு மையங்களும் கிளவுட் நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்த்து, குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்கணும். ஆனால் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் யார் கேட்டாலும் கொடுக்காதீங்க.

காசு வாங்கிவிட்டுச் சேவை தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய மோசடி என்றால் தாமதிக்காமல் 1930. முதல் சில மணி நேரம் ரொம்ப முக்கியம்.

பொதுமக்களாக நமக்கு இன்னொரு குறிப்பு.  தேனி மாவட்ட நிர்வாகத்தின் தளம் தேசிய தகவலியல் மையத்தின் வழியாக இயங்குது. 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' என்று முடியும் பெயர்கள் தனியாருக்குக் கிடைக்காது. சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று வேறு முடிவோடு வரும் முகவரியில் பணம் கட்டும் முன் ஒரு தடவை அந்தக் கடைசி எழுத்துகளைப் பாருங்க. சந்தேகம் என்றால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்க.

கடைசியாக

அண்ணன் என்ன ஆனார் என்று கேட்பீங்க. ஆறு மாசம் இணையதளம் என்ற பேச்சையே எடுக்கலை. அப்புறம் மதினிதான் பிடிவாதமாகப் புதுப் பெயர் ஒன்றைப் பதிவு செய்தார். மதினி பேரில், மதினி மெயிலில். சின்ன ஷேர்டு ஹோஸ்டிங், நாலே பக்கம். முடிகிற தேதி அடுப்படிக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு இருக்கு. போன தடவை நான் போனபோது, கெடு முடிய இன்னும் இரண்டு மாசம் இருக்கும்போதே பணம் கட்டி முடித்திருந்தார். பழைய பெட்டி ஒன்றை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டாமல் வீட்டில் வைத்திருக்காங்க. ஏன் என்று கேட்டேன். "மறந்துறக் கூடாதுல்ல தம்பி" என்றார்.

நீங்க அந்தப் பெட்டியை உங்க வீட்டில் வைக்க வேண்டிய நிலை வரக் கூடாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்க. பெயர் யார் பேரில்? எப்போ முடியுது? புதுப்பிக்க எவ்வளவு? நகல் எங்கே இருக்கு? வெளியே வர வழி என்ன? இந்த ஐந்துக்கும் பதில் எழுதுங்க. ஒன்றுக்குப் பதில் தெரியலைன்னாலும் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அதைத் தெரிந்துகொள்ளுங்க.